அறுநூறும் தொண்ணூற்றெட்டும்

1.

இந்தக் கதை எனக்குக் காதால் வந்தது. இதயப் பரிசோதனைக் கூடத்தின் வெளியே என் முறைக்காகக் காத்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள்.

"என் அறுநூறு எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகலண்ணே. தொண்ணூத்தெட்டா மாறி உக்காந்திருக்கு."

கேட்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

2.

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன். 'செய்த வேலையை நேரத்தால் வகுத்தால் வருவது திறன்' என்றது பள்ளிக்கூட வாடை அடித்தது. 'அன்று காலை மழை' (மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்). மூன்றாவது இது:

அந்தக் கூடத்தில் அவருக்குப் பெயரே அறுநூறு. தீயணைப்பு வண்டி ஓட்டுநர். ஓட்டும் இருக்கை தங்க வேண்டுமென்றால் வருடா வருடம் அங்கே நிற்கும் சைக்கிளை ஆறு நிமிடம் மிதித்துக் காட்ட வேண்டும். பழைய இயந்திரத்தில் சக்கரத்தைச் சுற்றிய பட்டையை இரண்டு கிலோ எடை இறுக்கும். ஒரு மிதிச்சுற்றுக்குச் சக்கர விளிம்பு ஆறு மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு ஐம்பது சுற்று. மூன்றையும் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு அறுநூறு கிலோகிராம்-மீட்டர். அதுதான் தேர்ச்சிக் கோடு. பதினெட்டு வருடமாக அவர் அதற்குக் கீழேயும் போனதில்லை, மேலேயும் போனதில்லை.

(மேலே ஏன் போகவில்லை என்று தாளிலேயே அவரைக் கேட்டேன். "கேட்டதக் குடுக்கணும். கூடக் குடுத்தா அது பீத்தல்," என்றார். இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டதையும் எழுதிவிடுகிறேன்.)

3.

இனி சோதனைக்காரி. புது இயந்திரம் வந்தது. அது வாட்டில்தான் பேசும். பழைய கணக்கையெல்லாம் வாட்டுக்கு மாற்றும் பொறுப்பை மருத்துவர் அவள் தலையில் கட்டினார். ஒரு மாதம் உட்கார்ந்து அட்டவணை போட்டாள். ஆறால் வகுத்தால் வாட். அறுநூறு நூறாயிற்று. மனக்கணக்கிலேயே போட்டுவிடலாமே என்று எல்லோரும் மெச்சினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். பதினோரு கூடங்களுக்கு நகல் போயிற்று. அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் அவள் நடை கொஞ்சம் மெதுவாகும்.

(முதல் வரைவில் இவளைக் கவனக்குறைவானவளாக எழுதியிருந்தேன். பொய். பூமியின் இழுப்பு ஒன்பது புள்ளி எட்டு சொச்சம் என்று அவளுக்குத் தெரியும். அழகுக்காகப் பத்தாக்கினாள்; அறுபது நொடியைப் பத்தால் வகுத்தால் முழுசாக ஆறு. தெரிந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.)

4.

பழைய இரண்டு கிலோ இறுக்கத்துக்கே புது இயந்திரத்தை வைத்து அவரை ஏற்றினாள். திரை அவள் பக்கம். அவர் கண்ணை மூடி, வாய்க்குள் ஐம்பது எண்ணி மிதித்தார். ஆறு நிமிடமும் திரையில் தொண்ணூற்றெட்டு அசையவில்லை. தாள் வெளியே வந்தது: தேவை நூறு. இவர் தொண்ணூற்றெட்டு. தகுதியில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு தடவை ஏறச் சொன்னாள். ரெண்டே ரெண்டு கூடினால் போதுமாம்.

அவர் கழுத்தைத் துடைத்தார். ஏறவில்லை.

"இப்ப கூட மிதிச்சா, பதினெட்டு வருஷமும் கொறச்சு மிதிச்சேன்னு ஆயிடும். என் கால்ல தப்பில்லம்மா. உங்க மிஷினப் பாருங்க."

5.

ஒரு முடிவு: அவர் மறுபடி ஏறி நூறைத் தொடுகிறார், எல்லோரும் கை தட்டுகிறார்க— இல்லை. எத்தனை தடவை எழுதினாலும் மனிதர் மிதியில் கால் வைக்க மறுக்கிறார்.

இன்னொன்று: அவள் தொண்ணூற்றெட்டைச் சத்தமில்லாமல் நூறாக்குகிறாள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடித்துவிட்டேன்.

அவள் செய்தது வேறு. புது இயந்திரத்தைச் சோதனை எடை வைத்துப் பார்த்தாள், சரி. மூலையில் கிடந்த பழையதில், கூட்ட வேண்டாம், வழக்கம்போல மிதித்தால் போதும் என்று அவரை ஏற்றிச் சுற்றை எண்ணினாள், ஐம்பது, சரி. மிஷினும் சரி, காலும் சரி என்றால் மீதி இருந்தது சுவரில், கண்ணாடிக்குள்.

நின்றபடியே அறுநூற்றுக்கு நீள் வகுத்தல் போட்டாள். ஆறால் அல்ல, பத்தாக்காத இழுப்புக்கு வரும் ஆறு புள்ளி ஒன்று இரண்டால். தொண்ணூற்றெட்டு.

6.

மருத்துவர் நல்லவர்தான். ரெண்டு வாட்டுக்காகப் பதினோரு இடத்திலிருந்து தாளைத் திரும்ப வாங்குவதா, அவரையே கொஞ்சம் அழுத்தி மிதிக்கச் சொன்னால் தீர்ந்தது என்றார்.

"அவர் கால் பதினெட்டு வருஷமா சரியா இருக்கு டாக்டர். என் கை ஒரு மாசமாத்தான் தப்பு. எதத் திருத்துறது சுலபம்?"

சட்டத்தைக் கழற்றினாள். நூறை அடித்து, தொண்ணூற்றெட்டு என்று எழுதி, கீழே 'தவறு என்னுடையது' என்று கையெழுத்திட்டாள். அட்டவணையை முடித்த நாளில்கூட இவ்வளவு பெரிதாகக் கையெழுத்துப் போட்டதில்லை. அதை மருத்துவர் மேசையில் வைத்துவிட்டு அவரிடம் வந்தாள். அப்போதுதான் அவர் கேட்டார், அறுநூறு எங்கே போயிற்று என்று. அவள் சொன்ன பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். குரலில் சிரிப்பு இருந்ததைச் சொல்ல விட்டுப்போயிற்று.

அந்த நேரம் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மேசையில் அந்தத் தாள். திருத்தத்தை ஏற்று மருத்துவர் ஒப்பமிட வேண்டிய கோடு காலி. பேனா மூடியைக்கூட அவர் திறக்கவில்லை.

நானும் திறக்கப்போவதில்லை. பேனா உங்கள் கையில். ஒன்று மட்டும்: முதலில் அந்தச் சைக்கிளில் ஏறி, ஆறு நிமிடம், கண்ணை மூடி, கூடாமல் குறையாமல் ஐம்பது மிதித்துப் பாருங்கள். அப்புறம் போடுங்கள் கையெழுத்தை.