நாற்பத்தோராவது கார்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு, மாரிகுப்பத்தில் ரோனி வீட்டு முன்னறையில் எண்ணியபோது, ரெபேக்காவின் டெக்கில், அவள் சீட்டுக்கட்டில், ஒரு கார்டு கூடுதலாக இருந்தது. எண்ணியவன் சுனில். முப்பத்தொன்பது, நாற்பது என்று சொல்லி முடித்துவிட்டு, கையில் மிஞ்சியதைக் குப்புறவே ஆட்டிக் காட்டிச் சிரித்தான். ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவள் டெக்கிலேயே இப்படியா என்று கேட்டான்.

கேலியில் நியாயம் இருந்தது. ரயில் சிநேகிதர்கள் நாலு பேர் ஆடும் இந்த ஆட்டத்துக்குச் சட்டம் போட்டதே ரெபேக்காதான். கடையில் விற்கிற டப்பாவில், ஆளுக்கு அறுபது மிருகக் கார்டு என்றுதான் எழுதியிருக்கும். காலை ரயிலில் மடியில் பையை வைத்து, பைமேல் கார்டைப் பரப்பி ஆடுகிறவர்களுக்கு அறுபது கட்டுப்படியாகுமா? பங்காருப்பேட்டையில் கூட்டம் ஏறி முழங்காலை இடிப்பதற்குள் ஒரு ஆட்டமாவது முடியவேண்டும். அதனால் நாற்பது என்று வைத்தாள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எல்லோரும் ஒரே மாதிரி, பின்பக்கம் கறுப்பான பிளாஸ்டிக் உறைதான் போடவேண்டும், முதுகைப் பார்த்து எது எந்தக் கார்டு என்று தெரியக்கூடாது. நாற்பதுக்கு மேல் மிஞ்சினால் அடியில் இருப்பதை முகம் பார்க்காமல் குப்புற ஒதுக்கிவிடவேண்டும். பார்க்க விட்டால் வேண்டாததாகப் பொறுக்கிக் கழித்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. மனிதர்களை அவள் அவ்வளவாக நம்பமாட்டாள்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சேர்த்தவன் அவள் கணவன் கிறிஸ்டோ. இந்த ஊர்த் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட டோக்கனை மேலே விட்டுவிட்டுப் போவானாம். ஷிப்ட் முடிந்தும் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அதே மாதிரி, வெளியூர் போகிறவன் தன் கார்டு ஒன்றை இன்னொருவர் டெக்கின் அடியில் வைத்துவிட்டுப் போகலாம். எப்போது திரும்புவான் என்பதை உறையின் முன்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவிடவேண்டும். அதுவரை அந்த டெக் நாற்பத்தொன்றாக இருக்கலாம். வைத்தவனைத் தவிர வேறு யாரும் அதை எடுக்கக்கூடாது. திருப்பதி போனபோது சுனில் வைத்தான். அக்கா கல்யாணத்துக்கு ஓசூர் போனபோது ரோனி வைத்தான். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்கள்.

அன்றைக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. கிறிஸ்டோ வேலை விஷயமாகப் பங்காருப்பேட்டை போயிருக்கிறான், இரண்டு மணிக்கு நேராக இங்கே வந்துவிடுவான் என்றாள் ரெபேக்கா. அவளிடம் அவன் சொன்னது அதுதான். முந்தின நாள் நடந்ததை அவள் இவர்களிடம் சொல்லவில்லை.

கிறிஸ்டோவுக்கு வேலை போய் இரண்டு மாதம். ஸ்கெலட்டன் என்கிற பேட்டையில் இவர்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால், சுரங்கத்துக்குள் இறங்கும் பழைய ஷாஃப்ட் குழி ஒன்று முள்கம்பி போட்டு உண்டு. உள்ளே செம்புக் கேபிள் அப்படியே கிடக்கிறது என்று யாரோ அவனுக்கு ஓதியிருந்தார்கள். போன மாதம் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் அதற்காக இறங்கினார்கள், ஒருவன்தான் ஏறிவந்தான். உள்ளே கெட்ட காற்று. என்னிடம் நல்ல கயிறு இருக்கிறது என்று கிறிஸ்டோ சொன்னபோது ரெபேக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அழுதாள், கத்தினாள், கடைசியில் பைபிளை எடுத்து நீட்டினாள். அவன் அதன்மேல் கை வைத்து, இறங்கமாட்டேன் என்றான். அத்தோடு விஷயம் முடிந்தது என்று தூங்கப் போய்விட்டாள். ஆளை நம்பமாட்டாள், ஆனால் விதியாகச் சொல்லிவிட்டால் நம்பிவிடுவாள். அதுதான் அவளுக்கிருந்த வியாதி.

காலையில் அவள் ஆண்டர்சன்பேட்டைக்குக் கோயிலுக்குப் போனபோது அவன் வீட்டில் இருந்தான். அவள் டெக் அலமாரியில் இருந்தது. திரும்பி வந்தபோது அவன் கிளம்பிப் போயிருந்தான்.

"இன்னா ரெபே, யார்னா டோக்கன் வெச்சிக்கீறாங்களா? திருப்பிப் பாத்துடலாமா?" என்று ரோனி கேட்டான்.

"யாரும் வெக்கல. நான்தான் தப்பா எண்ணிகினேன். ரூல்னா ரூலு, குப்புற வை."

சுனில் குப்புற வைத்தான். அது காற்றில் பறக்காமல் இருக்கத் தன் டீ டம்ளரை அதன்மேல் வைத்தான்.

மூன்று மணிக்கு ரெபேக்கா போன் போட்டுப் பார்த்தாள். கிறிஸ்டோவின் போன் அணைந்திருந்தது. நேற்றைய சண்டைக்கு முறுக்கிக்கொண்டு இருக்கிறான் போல, வரட்டும், அவனில்லாமலும் ஆட்டம் நடக்கும் என்று தெரியட்டும் என்று அடுத்த ஆட்டத்துக்குக் கார்டைக் கலைத்தாள். வெளியே சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று கிளம்பி, ஜன்னல் பலகையில் வெள்ளைத் தூசி படிந்துகொண்டிருந்தது. இரண்டு தரம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

நாலரைக்குச் சுனிலின் டெக் தீர்ந்தது. எடுக்கக் கார்டு இல்லாதவன் தோற்றவன், களத்தில் எத்தனை பலம் இருந்தாலும் சரி. காற்று தீர்ந்துபோச்சு சுனிலுக்கு என்றான் ரோனி. எப்போதும் சொல்கிற கிண்டல்தான். இன்னொரு ஆட்டம் போடலாம் என்றாள் ரெபேக்கா. அவளுக்கு வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்தரைக்கு எல்லாம் முடிந்து, அவரவர் கார்டை எண்ணி எடுத்துவைத்தார்கள். சுனில் டம்ளரைத் தூக்கிவிட்டு, ஒதுக்கிய கார்டை அவளிடம் நீட்டினான். இப்போது பார்க்கலாம், சட்டம் தடுக்காது. திருப்பினாள்.

ஒற்றைக்கண் யானை. கிறிஸ்டோ எதைக் கேட்டாலும் மாற்றிக்கொள்வான், இந்த யானையை மட்டும் யாருக்கும் தரமாட்டான். உறையின்மேல் அவனுடைய சாய்ந்த எழுத்தில், ‘ரெபே, 2 மணி’ என்று எழுதியிருந்தது.

முந்தின நாள் சண்டையையும் ஷாஃப்ட்டையும் பற்றி அவள் அப்போதுதான் சொன்னாள். ரோனியின் பைக்கில் மூன்று பேரும் ஸ்கெலட்டன் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. முள்கம்பி ஓரிடத்தில் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் செருப்பு, ஜோடியாக, கோயில் வாசலில் விடுவதுபோல ஒழுங்காக விட்டிருந்தான். தண்டவாளத் துண்டில் கட்டிய கயிறு உள்ளே இறங்கியிருந்தது. ரெபேக்கா விளிம்பில் குப்புறப் படுத்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கீழே எங்கோ தண்ணீர் சொட்டியது. ரோனி கயிற்றை இழுத்தான். கனமே இல்லாமல் அது வந்துகொண்டே இருந்தது. நுனியில் இடுப்புக்குப் போட்ட சுருக்கு, வெறுமனே.

சுனில் தீயணைப்புக்காரர்களுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான். எத்தனை மணிக்கு இறங்கினார் என்று அவர்கள் கேட்டிருக்கவேண்டும், அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"ரெண்டு மணிக்கு வந்துடுவேன்னு எழுதி வெச்சிட்டுத்தான் போனான்," என்றாள் ரெபேக்கா. "நான்தான் பாக்க வேணாம்னேன்."

ரோனி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கார்டைத் தரும்படி மெதுவாகக் கேட்டான். அதை அவள் கண்ணில் படாமல் வைக்க நினைத்தான். அவள் தலையை ஆட்டினாள். வைத்தவனைத் தவிர வேறு யாரும் எடுக்கக்கூடாது. பையிலிருந்து டெக்கை எடுத்தாள், யானையை அதன் அடியில் வைத்தாள், மடியில் போட்டு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.