கத்தியது யார் என்று எழுதுவது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, ஒன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இரண்டு வாரம் உட்கார்ந்து, டீச்சர் பிள்ளைகளை எப்படிக் கட்டி மேய்க்கிறார் என்று பார்த்து எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். ஒரே ஒரு நாளை மட்டும் மாற்றி எழுதினேன்.

2

முதலில் யோசித்த தொடக்கம்: "அந்த டீச்சர் மிகவும் கண்டிப்பானவர். ஒருநாள் ஆறு வயதுச் சிறுமியைப் பார்த்து அவர் கத்திய—"

[இல்லை. டீச்சர் கத்தவே மாட்டார். வகுப்பில் சத்தம் கூடினால் தன் குரலைத் தாழ்த்துவார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். பழியை அவர் தலையில் போட்டால் எழுத எளிது, அவ்வளவுதான்.]

3

நடந்தது இது. தலைமையாசிரியர் கூப்பிட்டதால் டீச்சர் எழுந்து போனார்.

"பத்து நிமிஷம் பாத்துக்கம்மா."

இரண்டே நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆனது. நானும் டீச்சரைப் போலக் குரலைத் தாழ்த்திப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை. அப்போது ரேடியோ என் கையைப் பிடித்து இழுத்தாள். ஓயாமல் பேசுவதால் வகுப்பே அவளுக்கு வைத்த பெயர் அது.

"மிஸ், மிஸ், எங்க வீட்டுப் பூனை நேத்து..."

"வாய மூடு, சனியனே!"

வகுப்பு மொத்தமும் அடங்கியது. வெட்கத்தோடு சொல்கிறேன்: அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

4

(இது அடிக்குறிப்பாகப் போக வேண்டியது. பதிவேட்டில், "ஆசிரியர் இல்லாதபோதும் குழந்தைகள் அமைதி காத்தனர்" என்று எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.)

மறுநாள் ரேடியோ பேசவில்லை. அதற்கடுத்த நாளும் பேசவில்லை. டீச்சர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னடா செல்லம், பேட்டரி தீந்துபோச்சா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நான் ஆபீஸ் ரூமுக்குப் போயிருந்தப்போ ஏதாச்சும் நடந்துச்சா?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

5

முடிவு ஒன்று: நான் டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். (சொல்லவில்லை.)

முடிவு இரண்டு: சின்னப் பிள்ளைதானே, நாலு நாளில் எல்லாம் மறந்து— (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு அருகதை இல்லை.)

கடைசி நாள், மணி அடித்தபின், அவள் தரையில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். எதிரே மண்டியிட்டேன்.

"அன்னிக்கு உன்னை அப்படிச் சொன்னது தப்பு. ஸாரிம்மா."

அவள் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பரவால்ல மிஸ். வீட்லயும் என்னை அப்படித்தான் கூப்புடுவாங்க."

நான் ஏதோ பதில் சொன்னேன். அதை இங்கே மூன்று விதமாக எழுதிப் பார்த்து, மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றிலும் நான் நல்லவளாகத் தெரிந்தேன்.

ஆகவே என் இடத்தில் நீங்கள் மண்டியிடுங்கள். லேஸ் கட்டி முடிக்கப்போகிறாள். அவளை அழைத்துப்போக வாசலில் ஆள் வந்தாயிற்று. சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.