இரட்டைப் பட்டதாரியின் தந்தைக்குப் பொன்னாடை

பேசாலைச் சந்தியில் கட்டியிருந்த பனரில் அருள்நேசனின் முகம் ஒரு கதவளவு இருந்தது. மகள் ஜெனிற்றாவின் முகம் அந்தக் கதவின் பூட்டளவு. “இரட்டைப் பட்டதாரியை உலகுக்குத் தந்த தந்தைக்குக் கௌரவிப்பு விழா” என்று மேலே கொட்டை எழுத்து. கச்சான் காற்றில் பனர் புடைக்கும்போதெல்லாம் தந்தையின் கன்னம் இன்னும் உப்பியது. நிழலுக்கு ஒதுங்கிய இரண்டு கழுதைகள் மட்டும் அதை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு நின்றன.

அருள்நேசன் ஏழு சங்கங்களுக்குத் தலைவர், எட்டாவதற்குப் போசகர். ஊரில் எவருக்குப் பாராட்டு நடந்தாலும் பொன்னாடை போர்த்தும் கை அவருடையதாகத்தான் இருக்கும். போர்த்திப் போர்த்திக் கை ஓய்ந்த மனுசனுக்கு, தன் தோளிலும் ஒன்று விழவேண்டும் என்ற ஆசை வந்ததில் பிழையில்லை. மகளின் படிப்பைச் சரியாக விளங்கிக்கொள்ளாததுதான் பிழை.

ஜெனிற்றா கணக்காளராவதற்குப் படிப்பது ஐந்து வருடக் கற்கைநெறி. இளமாணியையும் முதுமாணியையும் ஒன்றாகப் பிணைத்தது. மூன்று வருடம் முடிந்ததும் இளமாணிப் பட்டத்தோடு வீட்டுக்கு வரலாம். அல்லது இன்னும் இரண்டு வருடம் இருந்து, இரண்டு பட்டத்தையும் சேர்த்து வாங்கலாம். இருக்கிறவர்கள் இடையில் பட்டமளிப்பு மேடை ஏறக்கூடாது. ஏறினால் படிப்பு அத்தோடு முடிந்தது. முதுமாணிக்கு இருந்த இருபது இடங்களில் ஒன்றை ஜெனிற்றா மூன்று வருடம் முறிந்து படித்துப் பிடித்திருந்தாள்.

இதையெல்லாம் அவள் தகப்பனுக்குப் போனில் விளக்கமாகச் சொன்னாள். “இரண்டு பட்டம்” என்ற இரண்டு சொல் மட்டும் அவர் காதில் ஏறியது.

மூன்றாம் வருடம் முடிந்ததும் அவர் நேரே பைசரின் கொமினிக்கேசன் கடைக்குப் போனார். மகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தது அந்தக் கடைக் கொம்பியூட்டரில்தான். அவளுடைய கடவுச்சொல் அதில் அப்படியே கிடந்தது. அப்போது அவளிடம் போன் இல்லாததால் கொடுத்த இலக்கமும் தகப்பனுடையது. பட்டமளிப்புக்கு வருகிறீர்களா என்று திரை கேட்டது. ஓம் என்று அழுத்தச் சொன்னார். கீழே சின்ன எழுத்தில் என்னவோ இருக்கிறதே என்றான் பைசர்.

“சின்ன எழுத்தெல்லாம் சின்ன ஆக்கள் வாசிக்கிறது, தம்பி. நீர் அழுத்தும்.”

பைசர் அழுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலய வளவில் விழா. சின்னச் சாப்பாடு ஒன்று என்றுதான் மகளுக்குச் சொல்லியிருந்தார். அவள் வவுனியாவில் பஸ் மாறி வந்துகொண்டிருக்கும்போது, கூடப் படிக்கும் லக்சிகா பட்டமளிப்புப் பட்டியலை அனுப்பினாள். நாற்பத்து மூன்றாவது பெயர் ஜெனிற்றா. பட்டியலிலிருந்து விலகுவதற்குக் கடைசி நேரம் அன்று மதியம் பன்னிரண்டு.

அவள் தகப்பனுக்கு ஒன்பது தரம் போன் அடித்தாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்குப் பேசாலையில் இறங்கியவள், பனரைக் கண்டு ஒரு நிமிடம் வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு ஓடினாள். ஓடிக்கொண்டே போனில் விலகல் படிவத்தைத் திறந்தாள். உறுதிப்படுத்தும் இலக்கத்தை அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிடத்துக்குள் பதியவும் என்றது அது. அனுப்பியது தகப்பனின் போனுக்கு.

முன்வரிசைக் கதிரையில் தாய் றஞ்சினி இருந்தாள்.

“அம்மா, அப்பாவின்ர போன் எங்க?”

“சேட்டுப் பொக்கற்றுக்க.”

சேட்டைக் காணவில்லை. அதற்கு மேல் பத்துப் பொன்னாடைகள். பதினோராவதை, அவருடைய நெடுநாள் எதிரியான நீக்கிலாஸ், எதிரிக்கே உரிய தாராளத்தோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். அருள்நேசனின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அதுவும் வேர்த்துக்கொண்டிருந்தது.

ஜெனிற்றா மேடையில் பாய்ந்து ஏறினாள். இதோ நம் இரட்டைப் பட்டதாரி என்று அறிவிப்பாளர் யசோதரன் முழங்க, சனம் கை தட்டியது. அவள் தகப்பனின் காதுக்குள் விசயத்தைச் சொன்னாள். அவர் கமராவுக்குச் சிரித்த சிரிப்பு மாறாமல், வீடியோ ஓடுது, இறங்கு பிள்ளை என்றார்.

“அப்பா, வராததை வந்ததெண்டு கணக்கில எழுதக்கூடாது. முதல் வருசத்தில முதல் பாடம் அதுதான். பன்னிரண்டு அடிச்சா எனக்கு மற்றப் பட்டம் இல்லை.”

“அப்ப பனரில இரட்டை எண்டு...”

“ஒற்றை.”

மகளின் எதிர்காலம் அசைக்காத மனுசனைப் பனர் அசைத்தது. பொன்னாடையைக் கழற்றப் போனார். சுற்றின இறுக்கத்தில் கை எழும்பவில்லை.

“என்ர துண்டையோ முதல் கழட்டப் போறியள்?” என்றார் நீக்கிலாஸ்.

கடைசியாகப் போர்த்தியதுதானே முதலில் கழலும் என்று ஜெனிற்றா விளங்கப்படுத்தினாள். சபையில் வைத்துத் தன்னைக் கேவலப்படுத்துவதாக நீக்கிலாஸ் முறுக்கிக்கொண்டு நின்றார். நேரம் பதினொன்று நாற்பத்தைந்து. அப்போதுதான் இருபது வருட அனுபவமுள்ள யசோதரன் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

“அடுத்து வருவது பொன்னாடை மீளப்பெறும் நிகழ்வு. கரைவலை மீனவர் சங்கத் தலைவர் நீக்கிலாஸ் ஐயா அவர்கள் முதலாவதாக மீளப் பெறுவார்கள்.”

முதலாவதாக என்றதும் நீக்கிலாஸின் நெஞ்சு நிமிர்ந்தது. பவ்வியமாகக் கழற்றி, மடித்து, படத்துக்கு நின்றார். மரண உதவிச் சங்கம் வந்தது. விளையாட்டுக் கழகம் வந்தது. பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராய் வந்து, போர்த்திய கையாலேயே உரித்துக்கொண்டு போனார்கள். இப்படி ஒரு நிகழ்வை யாரும் கண்டதில்லை. கொழும்பில் இப்போது இதுதான் முறை போலிருக்கிறது என்று ஒருவர் பக்கத்துக் கதிரைக்குச் சொன்னார். போர்த்தும்போது தட்டியதைவிடக் கைதட்டல் கூடிக்கொண்டே போனது.

பதினொன்று நாற்பத்தொன்பதுக்குச் சேட்டு வெளியே வந்தது, பிழிந்தெடுத்த மாதிரி. அருள்நேசன் போனை எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். முன்னால் ஒலிவாங்கி இருப்பதை மறந்து, ஊருக்கே கேட்க வாசித்தார்.

“நாலு. ஏழு. சைபர். ரெண்டு. ரெண்டு. ஒம்பது.”

மகள் எடுத்த புள்ளிகள் என்று நினைத்து, ஒவ்வொரு இலக்கத்துக்கும் சனம் தட்டியது. சைபருக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துத் தட்டியது.

ஜெனிற்றா பதிந்தாள். வட்டம் சுற்றியது. விலகல் ஏற்கப்பட்டது, கற்கை தொடரும் என்று வந்தது. யசோதரனைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு ஒலிவாங்கிக்குள் போய், தேவாலய மதிலில் இருந்த புறாக்களை எழுப்பியது.

சபை காத்திருந்தது. அருள்நேசன் தொண்டையைச் செருமினார். ஒருமணி நேரப் பேச்சு மனப்பாடம் செய்திருந்தவரின் வாயில் ஒரு வசனம்தான் வந்தது.

“என்ர மகள் இன்னும் பட்டதாரி இல்லை. இன்னும் ரெண்டு வருசம் இருக்கு.”

அன்று அந்த மேடையில் சொல்லப்பட்ட முதல் உண்மை அது. சனம் எழும்பி நின்று தட்டியது. நீக்கிலாஸ் மட்டும் கை தூக்கி, அப்படியென்றால் சாப்பாடும் ரெண்டு வருசம் கழித்தோ என்று கேட்டார்.

“இப்பவும் இருக்கு, அப்பவும் இருக்கு. வாங்கோ, சோறு ஆறுது,” என்றாள் றஞ்சினி.