வெள்ளை ஓரம்

என் வேலையைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது, புரிந்த பாதி மதிக்காது. இணையத்தில் துணி விற்கும் கடை ஒன்றுக்குப் படம் வெட்டிக் கொடுக்கிறேன். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்பாள். அவளைத் திரையிலிருந்து பிரித்தெடுத்து, பின்னால் ஒன்றுமே இல்லாமல் ஆக்கித் தர வேண்டும். அப்புறம் அவளைக் கடற்கரையில் நிறுத்துவார்களோ காப்பிக் கடையில் உட்கார வைப்பார்களோ, அது வேறு ஆளின் பாடு. ஆபீசில் எனக்குக் 'கத்திரி' என்று பெயர். செய்கிற வேலையை வைத்துச் சூட்டியது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாயை வைத்துச் சூட்டியது என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த வேலையில் உயிரை வாங்குவது ஒன்றே ஒன்று, வெள்ளை ஓரம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்த ஆளை வெட்டிக் கருநீலப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். தோளைச் சுற்றி, காதைச் சுற்றி, மெல்லிசாக ஒரு கோடு ஓடும். ஓரத்தில் இருக்கும் புள்ளிகள் முழுக்க ஆளும் இல்லை, முழுக்கச் சுவரும் இல்லை, பாதிப் பாதி. ஆளை இழுத்தால் சுவரும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும். ஒரு புள்ளி உள்ளே தள்ளி வெட்டலாம். ஆனால் பறக்கிற முடியெல்லாம் போய்த் தலை சட்டி கவிழ்த்தது போல ஆகும். கோட்டின் மேல் பக்கத்து நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசலாம். அதற்குப் பொறுமை வேண்டும். எல்லாவற்றையும் கணினியே சரி செய்துவிடும் என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. அதை நம்பி நான் திட்டு வாங்கிய கதை தனி.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்குப் பிள்ளைகள் நாலு பேரும் ஒன்றுகூடுவதாக இருந்தது. இதில் நான் எங்கிருந்து வருவது? நான் அம்மாவோடுதான் இருக்கிறேன். கல்யாணம் என்று ஒன்று நடந்து, ஒரு வருடம்கூட நிற்காமல் முடிந்து, அன்றிலிருந்து இங்கேதான். வர வேண்டியவர்கள் அண்ணன், தங்கை, தம்பி. மூன்று பேரும் மூன்று நாட்டில். அப்பா போனபோதுகூட ஆளுக்கொரு நாளில் வந்து ஆளுக்கொரு நாளில் கிளம்பினார்கள். ஆகவே வளர்ந்த பிறகு நாங்கள் நாலு பேரும் அம்மாவோடு சேர்ந்திருக்கும் படம் என்று ஒன்று கிடையவே கிடையாது. பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அம்மா சொன்னது அதைத்தான்.

முதலில் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன் வரவில்லை என்றதும் தங்கைக்குப் பிள்ளையின் பரீட்சை ஞாபகம் வந்தது. அவர்கள் இருவரும் இல்லாமல் தான் மட்டும் வந்து என்ன செய்வது என்று தம்பி குடும்பக் குழுவில் எழுதினான். என்ன செய்வதா? அம்மாவைப் பார்ப்பதுதான், வேறென்ன! எழுதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான்.

"உனக்குத்தான் இது கை வந்த வேலையாச்சே. நாங்க ஆளுக்கொரு படம் அனுப்பறோம். அம்மாகூட சேத்து வச்சு ஒரே படமா பண்ணிடு."

நாக்கு நுனி வரை ஒன்று வந்தது. பக்கத்தில் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் மறைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, அப்படியாவது ஒன்றாக இருக்கட்டும் என்று தலை வாரிக்கொள்ளப் போனாள். ஜன்னலை ஒட்டியிருக்கும் சோபாவில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தவள் எழுந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவர்களுக்கு இடம் வேண்டுமாம். பெரியவன் உயரம், அவன் பின்னால் நிற்கட்டும். சின்னவள் வலது பக்கம். தம்பி தரையில், அவன் சோபாவில் உட்கார்ந்து யார் பார்த்தது? கையை நீட்டி நீட்டி ஒவ்வொருவருக்கும் இடம் ஒதுக்கினாள். எனக்கு எங்கே என்று நான் கேட்கவில்லை. போனை மேசைமேல் புத்தகங்களில் சாய்த்து, பத்து விநாடிக்கு டைமர் வைத்துவிட்டு, ஓடி வந்து அம்மாவின் இடது பக்கம் விழுந்தேன். மெதுவாக வாயேன்டி என்று அவள் கடிந்துகொள்வதற்குள் படம் எடுத்து முடிந்திருந்தது.

அன்றுதான் எனக்குள் அந்த அற்ப ஆசை வந்தது. மறைப்பானேன்? இந்தப் படத்தைப் பார்க்கும்போது அந்த மூன்று பேரில் ஒருவராவது, நாமெல்லாம் ஒட்டவைத்தவர்கள், அம்மா பக்கத்தில் நிஜமாக உட்கார்ந்திருப்பவள் இவள் ஒருத்திதான் என்று நினைக்க வேண்டும். நினைத்தால் போதாது, வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும். நீதான் அம்மாகூட இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை. இத்தனை வருடத்தில் அதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

படங்கள் வந்து சேர்ந்தன. அண்ணன் வெள்ளைச் சுவருக்கு முன்னால், பாஸ்போர்ட்டுக்கு நிற்கிறவனாட்டம் விறைத்துக்கொண்டு. தங்கை வேலிச் செடிக்கு முன்னால். வெட்டியெடுத்தால் அவள் முடியெல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. தம்பி இருக்கிறானே, அவன் பெரிய உபகாரம் செய்திருந்தான். பின்னணியைத் தானே எடுத்துவிட்டதாகவும் எனக்கு வேலை மிச்சம் என்றும் எழுதியிருந்தான். பின்னால் ஒன்றுமில்லை என்பதைக் காட்டத் திரையில் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டங்கள் தெரியும். ஐயா அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தார். கட்டங்களும் படத்தோடு படமாக வந்து உட்கார்ந்துவிட்டன. போதாக்குறைக்கு அவனுடைய செயலி ஒரு காதில் பாதியைத் தின்றிருந்தது.

அசல் படத்தை அனுப்பு என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் போதும். நான் போன் செய்தேன். அவன் குரலைக் கேட்டு நாளாயிற்று, காதைப் பற்றிக் கிண்டல் செய்யலாம் என்று இருந்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் அக்கா, அனுப்பிவிடுகிறேன் என்று வைத்துவிட்டான். சொன்னபடி படம் வந்தது. கூட ஒரு வரிகூட இல்லை.

அந்த வாரம் ஆபீஸ் முடிந்து வந்தால் இதே வேலையாக இருந்தேன். அண்ணனின் தோளிலிருந்து சுவரை வழித்தெடுத்தேன். தங்கையின் முடியில் ஏறியிருந்த பச்சையை இழை இழையாகப் போக்கினேன். தம்பிக்குக் காதை மீட்டுக் கொடுத்தேன். திரை முழுக்க அவர்கள் முகம்தான். இவ்வளவு கிட்டத்தில் இவர்களைப் பார்த்து எத்தனை காலம்! அண்ணன் தலைக்கு மை அடிக்கிறான், ஆனால் காதோரம் விட்டுவிடுகிறான். எப்போது கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்கிற தங்கைக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். தம்பிக்கு நெற்றி மேலே ஏறிக்கொண்டே போகிறது. வேலைக்கு நடுவே அவர்களை வாய்விட்டுத் திட்டவும் செய்தேன். மை அடிக்கிறவன் ஒழுங்காக அடிக்கக் கூடாதா, ராத்திரி தூங்கினால் என்னடி என்று. யாரோடு பேசுகிறாய் என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். போனில் என்றேன். பேச ஆளில்லாதவள் படத்தோடுதான் பேசுவாள், அதை அம்மாவிடம் சொல்லவா முடியும்.

முடித்து, ஒவ்வொருவருக்கும் நிழல் விழவைத்து, குழுவில் போட்டேன். எந்தக் கொம்பனாலும் ஒட்டவைத்ததைக் கண்டுபிடிக்க முடியாது. தங்கை அழுதுவிட்டதாக எழுதினாள். எல்லோரும் அங்கேயே இருக்கிற மாதிரி இருக்கிறது என்றான் அண்ணன். நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தம்பி நெடுநேரம் எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

"சூப்பர்க்கா. ஆனா ஒண்ணு, உன்னை மட்டும் ஒட்டவச்சது தெரியுது. ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு இருக்கு பாரு."

தங்கையும் உடனே வந்தாள். ஆமாம், தானும் சொல்லலாம் என்றுதான் இருந்தாளாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு இருந்தது. என் தலைமுடியில், இடது தோளில், முழங்கை வரைக்கும். ஜன்னல் வெளிச்சம் அது. அம்மாவுக்குப் பின்னால் ஜன்னலைத் திரைச்சீலை மறைத்திருந்தது, அதனால் அவள்மேல் விழவில்லை. மற்ற மூன்று பேரின் ஓரங்களையும் நானே துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டேன். மிச்சம் இருந்தது நான்தான். வேறு யாராவது இதை எனக்கு ஆபீசில் அனுப்பியிருந்தால் நானும் ஓரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

அது வெளிச்சம், இந்தப் படத்தில் ஒட்டாமல் இருப்பது நானும் அம்மாவும்தான் என்று எழுதினேன். எழுதியதோடு நில்லாமல் அசலையும் போட்டேன். அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு நான், மிச்சமெல்லாம் காலி சோபா. பிறகு தம்பி, இதிலும் அந்தக் கோடு தெரிகிறதே என்று ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டான்.

அவனுக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். அதற்குள் அண்ணன் கூப்பிட்டுவிட்டான். கோபித்துக்கொள்ளாதே, உன் வேலையை யாரும் குறை சொல்லவில்லை என்று ஆரம்பித்தான். சட்டம் போட்டு மாட்டப்போகிற படமாம், பார்க்கிறவர்கள் கண் முதலில் என்மேல்தான் போகுமாம், அந்த வெள்ளையை மட்டும் எடுத்துவிட்டால் போதுமாம்.

"நான் அங்கதான் உக்காந்திருந்தேன் அண்ணா," என்றேன்.

"யாரும்மா இல்லேங்கறா? பாக்க அப்படித் தெரியலேன்னுதான் சொல்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அந்த வெளிச்சத்தைச் சுத்தமாக எடுப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது, மற்றவர்களைப் போல என்னையும் வெட்டியெடுப்பது. எடுத்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் என் அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. ஓரத்தை உள்ளே தள்ளி வெட்டி, முடியில் கறுப்பைப் பூசி, மறுபடி அதே இடத்தில் என்னைக் கொண்டுபோய் வைத்தேன். சீக்கிரமே முடிந்துவிட்டது. நம் முகத்துக்கு யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள். குழுவில் போட்டதும் அண்ணன் கட்டைவிரலைத் தூக்கினான். இப்போதுதான் நீயும் எங்களோடு இருக்கிற மாதிரி இருக்கிறது என்று தங்கை எழுதினாள்.

பிறந்த நாளன்று படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். மூன்று பேரும் வீடியோவில் வந்து, படத்தைப் பார்த்து, வாழ்த்திவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகும் அம்மா படத்தை விட்டு நகரவில்லை. பெரியவன் இளைத்துவிட்டான் என்றாள். சின்னவளுக்குத் தூக்கமே இல்லை போலிருக்கிறது, கேட்டால் சொல்ல மாட்டாள் என்றாள். தம்பிக்கு அப்பாவின் நெற்றி வந்துவிட்டது என்று சொல்லி அந்த நெற்றியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மறுபடி பெரியவனிடம் போனாள். நான் பக்கத்திலேயே நின்றேன். என் முறை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வெட்கத்தை விட்டு நானே கேட்டேன்.

"நான் எப்படிம்மா இருக்கேன்?"

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். கண் சின்னவள் முகத்தில் இருந்தது.

"உன்னைத்தான் தினமும் பாக்கறேனே," என்றாள்.