யெஸ்டி நிற்குமா?

கோழி தப்பித்துவிட்டது. பெஞ்சு தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், திண்டுக்கல் நாகல் நகரில், மிக்கேல்ராஜின் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் ஒரு கோழிக்கு வழிவிட்டு ரோட்டை விட்டு இறங்கியது. பிரியாணிக் கடை வாசலில் கிடந்த பெஞ்சை இடித்தது. பார்சலுக்குக் காத்திருந்த இரண்டு பேருக்கு நடுவே போய் நின்றது. நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. பெஞ்சுதான் நிறுத்தியது.

பின்சீட்டிலிருந்து புஷ்பமேரி இறங்கினாள். சேலையைச் சரிசெய்தாள். கணவனைப் பார்த்தாள்.

"பிரியாணி வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல? கடைக்குள்ளயே கொண்டாந்து விடணுமா?"

"பிரேக்கை அமுக்கத்தான் செஞ்சேன் புஷ்பம்..."

"அமுக்குனது தெரிஞ்சுச்சு. அதான் இங்க நிக்கோம்."

அவள் ஆட்டோ பிடித்து மேட்டுப்பட்டி வீட்டுக்குப் போய்விட்டாள். மிக்கேல்ராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள் தீர்ப்பு தயாராக இருந்தது. யெஸ்டியை விற்றாக வேண்டும்.

மிக்கேல்ராஜ் பெயிண்ட் கடைக்காரர். வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்து எத்தனையோ வருஷமாகிறது. யெஸ்டியின் டாங்கிக்கு மட்டும் வருஷா வருஷம் புதுக் கறுப்பு. அப்படிப்பட்டவரிடம் 'வித்துருங்க' என்றால்?

அதற்குள் புஷ்பமேரி ஆளையே பிடித்துவிட்டாள். மோகன்குமார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. பழைய மோட்டார் சைக்கிள் எங்கே கண்டாலும் வாங்கி வீட்டில் வரிசையாக நிறுத்தி வைப்பது அவருக்குப் பைத்தியம். இந்த யெஸ்டியை ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்து விடாமல் போன் செய்துகொண்டிருந்தவர்.

மிக்கேல்ராஜ் கெஞ்சினார். மிரட்டினார். மறுபடி கெஞ்சினார். கடைசியில் ஒரு ஒப்பந்தம்.

"புது பிரேக் போடுறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நம்ம தெருச் சரிவுல நியூட்ரல்ல இறக்கிக் காட்டுறேன். கீழே ட்ரான்ஸ்பார்மர்கிட்ட நீயே கோடு போடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னா வண்டி எனக்கு. தாண்டுச்சுன்னா அவருக்கு."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"அந்தோணியார் சத்தியமா மாற மாட்டேன்."

புஷ்பமேரி உடனே சரி என்று தலையாட்டினாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பேகம்பூரில் நர்கீஸின் ஒர்க்‌ஷாப். நர்கீஸுக்கு நாற்பது வயது. தப்பே செய்ததில்லை என்பது அவளே தனக்குக் கொடுத்துக்கொண்ட சர்டிபிகேட். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிரேக் ஷூக்களை வெளியே எடுத்து மிக்கேல்ராஜின் மூக்குக்கு நேராக நீட்டினாள். டிரம்மைக் கவ்வ வேண்டிய லைனிங் முழுக்கத் தேய்ந்து, இரும்பு பல்லைக் காட்டியது.

"இது பிரேக் ஷூ இல்லண்ணே. பிரேக் ஷூவோட எலும்பு."

"ஒரிஜினல் கிடைக்குமா?"

"அதைச் செஞ்சவரு இந்நேரம் பேரனுக்கே பொண்ணு பாத்திருப்பாரு. லோக்கல் சாமான்தான் வரும்."

"டூப்ளிகேட்டா?"

"மெதுவாப் பேசுங்கண்ணே! ரோஷமான சாமான். அதுக காதுல விழுந்துறப்போவுது."

திங்கட்கிழமை சாமான் வந்தது, இரண்டு பெட்டியாக. ஒன்று மிக்கேல்ராஜுக்கு. இன்னொன்று வத்தலக்குண்டில் இருக்கும் வேறொரு யெஸ்டிக்காரருக்கு. ஒரு பெட்டிக்குள் முன் சக்கரத்துக்கு இரண்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு என்று நாலு ஷூ. நர்கீஸுக்கு புதன்கிழமைதான் கை ஒழியும். பெட்டியை அங்கேயே விட்டுப்போக மிக்கேல்ராஜுக்கு மனசில்லை.

"வீட்டுல வச்சிருந்து கொண்டாறேன்."

"ஏன், நான் மாத்திப் போட்டுருவேன்னா?"

"சேச்சே. உன்னையப் போயி சந்தேகப்படுவேனா?" என்றார். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

புதன்கிழமை நர்கீஸ் வேலையில் இறங்கினாள். கை சாமானை மாட்டியது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். அந்தப் பக்கம் மதுரை ஸ்பேர் பார்ட்ஸ்காரர் எவரோ ஒருவர் வேறு ஏதோ சாமானுக்காக வறுபட்டுக்கொண்டிருந்தார். வறுத்து முடிப்பதற்கும் சக்கரம் ஏறுவதற்கும் சரியாக இருந்தது.

மிக்கேல்ராஜ் தெருமுனை வரை போய் வந்தார். முகம் சரியில்லை.

"என்ன நர்கீஸு, வழுக்கிக்கிட்டுப் போயி நிக்கிது?"

"புது ஷூண்ணே. டிரம்மோட பழக வேணாமா? புதுசாக் கட்டிக்கிட்டதுக மாதிரி. நாலு நாள் போனா இறுக்கிப் பிடிச்சுக்கும்."

மிக்கேல்ராஜ் நம்பினார். கல்யாணமாகி இத்தனை வருஷமான மனிதர் நம்பியிருக்கக் கூடாது. ஓட்டி ஓட்டித்தான் பழக வேண்டும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் லைனிங் தேய்ந்துவிடுமே என்று பயந்து, யெஸ்டிக்குப் போர்வை போர்த்தி மூடி வைத்துவிட்டார்!

ஞாயிறு வந்தது.

பூசை முடிந்த கூட்டம் பாதி வீட்டுக்குப் போகாமல் சரிவின் இரண்டு பக்கமும் நின்றது. புஷ்பமேரி கடையிலிருந்து எடுத்துவந்த மஞ்சள் எனாமலால் ட்ரான்ஸ்பார்மரை ஒட்டி ரோட்டின் குறுக்கே கோடு போட்டாள். கோணலே இல்லாத கோடு.

கோட்டுக்கு அந்தப் பக்கம் மோகன்குமாரின் குட்டியானை நின்றது. பின்கதவு திறந்து, வண்டி ஏற்றுவதற்குப் பலகையும் சாய்த்துத் தயாராக இருந்தது. உள்ளே ஓரமாகச் சில முட்டைக்கோஸ் மூட்டைகள்.

"பலகையை இப்பவே இறக்கியாச்சா சார்?" என்று நர்கீஸ் கேட்டாள். "அம்புட்டு ஆசையா?"

"ஆசைன்னு இல்லீங்க. ஒரு நம்பிக்கைதானுங்க."

மேலே மிக்கேல்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். நியூட்ரல். காலை எடுத்தார்.

யெஸ்டி உருண்டது. மெதுவாக. கொஞ்சம் வேகமாக. பாதிச் சரிவில் கால் பிரேக்கை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. கை பிரேக்கை இழுத்தார். வண்டி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணே, பிடிங்க! பிடிங்க!"

"பிடிச்சுக்கிட்டுத்தான்டி இருக்கேன்!"

மஞ்சள் கோடு வந்தது. போனது. எதிரே பலகை. திருப்ப இடமில்லை. யெஸ்டி நூல் பிடித்த மாதிரி பலகையில் ஏறி, குட்டியானைக்குள் புகுந்து, முட்டைக்கோஸ் மூட்டையில் மூக்கைப் புதைத்து நின்றது.



மோகன்குமார்தான் முதலில் பேசினார். "எத்தனையோ வண்டி வாங்கியிருக்கேனுங்க. தானா ஏறி வந்து நின்னது இதொண்ணுதானுங்க."

மிக்கேல்ராஜ் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். போச்சு.

"யாரும் தொடக்கூடாது!" நர்கீஸ் ஸ்பேனரோடு குட்டியானைக்குள் தாவினாள். போனது அவள் பெயரும்தானே. பின்சக்கரம் கழன்றது. அவள் ஷூவில் விரலை வைத்து இழுத்தாள். விரலைத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள்.

"எண்ணெய்."

"என்ஜின் ஆயிலாங்க?"

"இல்ல. தேங்கா எண்ணெய் வாசம்." முன்சக்கரத்தையும் கழற்றினாள். நாலு ஷூக்களையும் வரிசையாக வெயிலில் வைத்தாள். லைனிங் முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது. ஆனால் ஊறியதிலும் ஒரு கணக்கு தெரிந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் அழுத்தமாக நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு.

நாலு ஷூ. நாலு சிலுவை.

மிக்கேல்ராஜ் மெல்லத் தலையைத் திருப்பினார். பெட்டி இருந்தது அவர் வீட்டில். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"புஷ்பம்... வண்டி போகணும்னு நினைச்ச, சரி. அதுக்காக இப்படியா? நான் விழுந்து தொலைஞ்சிருந்தா?"

"ஆமா. நான்தான் தடவுனேன்."

கூட்டத்தில் யாரோ 'ஏசுவே' என்றார்கள்.

"செவ்வாக்கிழமை கோயில்ல நவநாள் பூசைக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். அந்தோணியார் பாதத்துல வச்சு எடுத்து, வேளாங்கண்ணி எண்ணெயால ஒவ்வொண்ணுலயும் சிலுவை போட்டேன். அவரு பேருலதான சத்தியம் பண்ணுனீங்க? பிரேக் நிக்கணும்னு அவருகிட்டயே வேண்டிக்கிட்டேன். நிக்கணும்னுங்க! நிக்கக்கூடாதுன்னு இல்ல!"

வேளாங்கண்ணியிலிருந்து வாங்கி வந்த அந்த எண்ணெய்தான் புஷ்பமேரிக்கு எல்லாமே. மூட்டுவலிக்கு அது. காய்ச்சலுக்கு அது. புது மிக்ஸி வாங்கினாலும் அதன் நெற்றியில் ஒரு சிலுவை.

"மதினி," நர்கீஸ் தலையில் கை வைத்தாள், "உலகத்துல எதுல வேணும்னாலும் எண்ணெய் தடவுங்க. பிரேக் ஷூவுலயா?"

"நீ கண்ணைத் திறந்து மாட்டியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல?"

நர்கீஸ் அவசரமாக ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"விக்கணும்னு சொன்னவ நீதான?" மிக்கேல்ராஜ் விடவில்லை.

"கோவத்துல சொன்னேன். இவருக்குப் போனும் போட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன். வண்டி போச்சுன்னா ஞாயித்துக்கிழமை எல்லாம் நீங்க அடுப்படிக்கு வந்து, குழம்புல புளி கூடுனாப்ல இருக்கேன்னு நிப்பீங்க. பிரேக் இல்லாத வண்டியைக்கூடத் தாங்கிருவேன். அதை யாரு தாங்குறது?"

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அப்புறம் எம்பேச்சுக்கு என்ன மருவாதி?"

மோகன்குமார் தொண்டையைச் செருமினார். "அக்கா, குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. கோடு தாண்டுனா வண்டி எனக்குன்னு பேச்சுங்க. சத்தியம் வேற பண்ணியிருக்காருங்க."

மிக்கேல்ராஜ் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். பண்ணின சத்தியம் பண்ணினதுதான்.

"செத்த நேரம் இருங்க." புஷ்பமேரி முன்னால் வந்தாள். "தம்பி, இவரு புது பிரேக்கை நம்பித்தான் சத்தியம் பண்ணுனாரு. புது பிரேக் இன்னும் வேலையே செய்யலயே. தோத்தது என் எண்ணெய். நர்கீஸ்கிட்ட இன்னொரு பெட்டி இருக்கு. அதை மாட்டட்டும். மறுபடி இறங்கட்டும். தாண்டுச்சுன்னா நானே பலகையில ஏத்தி விடுறேன்."

"அதெப்படிங்க? அவருக்கு ரெண்டு தடவை. எனக்கு என்னங்க ஆதாயம்?"

"நானும் பின்னாடி ஏறுறேன்."

மோகன்குமார் சரிவைப் பார்த்தார். புஷ்பமேரியைப் பார்த்தார். தராசில் மூட்டை போட்டுப் பழகிய கண். வாய்விட்டு எதுவும் சொல்லாத அளவுக்கு நாகரிகமான மனிதர்.

"சரிங்கக்கா," என்றார் சட்டென்று.

வத்தலக்குண்டுப் பெட்டி வந்தது. மிக்கேல்ராஜ் கடையிலிருந்து தின்னர் வந்தது. நர்கீஸ் இரண்டு டிரம்மையும் துடைத்துக் காயவைத்தாள். இந்தத் தடவை போன் அணைந்து கிடந்தது. புஷ்பமேரி எட்டிப் பார்க்க வந்தபோது, "மதினி, ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னால!" என்று அதட்டல்.

சரிவின் உச்சியில் மிக்கேல்ராஜ் பின்னால் திரும்பினார்.

"நீ ஏறாத புஷ்பம். வண்டி போனாப் போவுது. உன்னைய வச்சுக்கிட்டு..."

"உக்காந்தாச்சு. விடுங்க."

விட்டார்.

இந்தத் தடவை உருளவில்லை, பாய்ந்தது. இரண்டு பேர் கனம். காற்று காதில் இரைந்தது. புஷ்பமேரியின் விரல்கள் அவர் தோளில் ஆணியாக இறங்கின. பாதிச் சரிவு. மிதித்தார். இழுத்தார்.

கிறீச்ச்...

உள்ளே எதுவோ இரும்பைக் கவ்வியது. வண்டி முனகியது. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. மஞ்சள் கோடு கிட்டே வந்தது. இன்னும் கிட்டே.

வரவில்லை.

முன்சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு முழம். நர்கீஸ் போட்ட விசில் மலைக்கோட்டை வரை கேட்டிருக்கும். மோகன்குமார் குனிந்து பார்த்தார், ஒருதரம் சுற்றி வந்தும் பார்த்தார்.

"நின்னுருச்சுங்க," என்றார், கட்சி தோற்ற முகத்தோடு. பலகையைத் தூக்கிக் குட்டியானைக்குள் தள்ளப் போனார்.

மிக்கேல்ராஜ் காலை ஊன்றினார். "இறங்கு புஷ்பம்."

"எதுக்கு இறங்கணும்? கறிக்கடைக்கு விடுங்க. மூடிறப் போறான். வெஞ்சனத்துக்கு வீட்டுல ஒண்ணுமில்ல. ஒட்டன்சத்திரத்துல இருந்து வந்த மனுசனை வெறும் வயித்தோடயா அனுப்புறது? தம்பி, பலகையைப் போட்டுட்டு உள்ள போயி ஃபேனுக்கடியில உக்காருங்க. நர்கீஸு, நீயுந்தான். வெங்காயத்தை உரிச்சு வையி."

மோகன்குமார் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

"அண்ணா! என்னைக்காவது விக்கறதுன்னா எனக்குத்தானுங்க முதல்ல சொல்லோணும்!"

மிக்கேல்ராஜ் காதில் விழாத மாதிரி கிக்கரை ஓங்கி உதைத்தார்.