நாலு விரல் தள்ளிய வாசல்

1

ஓர் அளவு நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த கதை இது. நான் கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றில் வாத்தியார். எங்கள் பட்டப்படிப்புக்கு அங்கீகாரம் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க ஒரு குழு வந்திருந்தது. வகுப்பறை வரைபடத்தில் உள்ளபடிதான் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும் என்றார் அவர்களில் ஒருவர். ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு சுவர் ஓரமாக நடந்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் குனிந்து எண்ணைப் படித்து முடிக்கும்வரை, தப்பாக வந்துவிடுமோ என்ற பயத்தில் என் முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பயம் தெளிந்ததும் வேடிக்கையாக ஒரு கேள்வி வந்தது. இவரை அங்கீகரித்தது யார்? அவரை அங்கீகரித்தவரை யார் அங்கீகரித்தார்? இப்படியே பின்னோக்கிப் போனால், கையில் எந்தச் சான்றிதழும் இல்லாத ஒருவர் இன்னொருவரைப் பார்த்து “நீ தேறிட்டே” என்று சொன்ன ஒரு நாள் வந்தே தீர வேண்டும். அந்த நாளுக்குப் போக முடியாது. அதற்குப் பக்கத்திலாவது போய் எட்டிப் பார்க்கலாம் என்று 1911-ஆம் வருஷத்துத் தச்சநல்லூருக்குக் கிளம்பினேன்.

(அங்கே இப்படி ஒரு வகுப்பு நடந்ததாக எனக்குத் தெரியாது. தேடியும் பார்க்கவில்லை. தேடி, இல்லை என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எழுத மனம் வராது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“தாமிரபரணியில் வெள்ளம் வடிந்த ஒரு காலையில்”

வேண்டாம். திருநெல்வேலிக் கதை என்றால் ஆற்றில் காலை நனைத்துவிட்டுத்தான் வர வேண்டுமா?

பிறகு இப்படி:

“நேசையாவின் கண்களில் ஒரு கனவு”

இதையும் அடித்துவிட்டேன். அவர் கண்ணில் தூசி விழுந்திருந்தால்கூட எனக்குத் தெரியப்போவதில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

நேசையா சென்னைக்குப் போய்க் கட்டட வரைபடம் கற்றுக்கொண்டு வந்தவர். தச்சநல்லூரில் அதற்கென்று ஒரு வகுப்பு நடத்துகிறார். சர்க்கார் அந்த வகுப்பை அங்கீகரித்தால், அதில் தேறியவர்கள் பொதுப்பணியில் ஓவர்சீயர் வேலைக்குப் போகலாம். அங்கீகாரம் இல்லையென்றால் அவர் கொடுக்கும் சான்றிதழில் வடை மடித்துச் சாப்பிடலாம். அங்கீகாரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடைசி வருஷ மாணவர்கள் ஒரு கட்டடத்தைத் தாங்களே வரைந்து, வரைந்தபடியே தாங்களே கட்டிக் காட்ட வேண்டும். அவர்கள் தங்கள் வகுப்புக்கே ஒரு கூடம் கட்டினார்கள்.

கட்டும் வேலையை முன்னின்று நடத்திய மாணவன் சங்கிலிபூதத்தான். வயது இருபத்து நாலு. சீவலப்பேரிப் பக்கம் வயல்வேலைக்குப் போகும் குடும்பம். அவன் மனைவி வடிவம்மாள், சோதனை நடக்கும் இன்றைக்கும் நடவுக்குப் போயிருக்கிறாள். அவன் தேறினால் ஓவர்சீயர். தேறாவிட்டால் அடுத்த நடவுக்கு நாற்றுக்கட்டு சுமக்க வேண்டியதுதான்.

(இங்கே நிறுத்தி யோசித்தேன். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையை வரைபட வகுப்பில் சேர்த்திருப்பார்களா? சந்தேகம்தான். அவனுக்குப் பதிலாக வசதியான வீட்டுப் பையன் ஒருவனை வைத்துப் பார்த்தேன். அவன் தோற்றாலும் ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். ஆகவே சங்கிலிபூதத்தானே இருக்கட்டும். நேசையா பலரிடம் பேச்சு வாங்கிக்கொண்டுதான் அவனைச் சேர்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

3

சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் பெயர் திருஞானசம்பந்தம். உத்தியோகம் சென்னையில். பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி டவுனில், நிலபுலன் வைத்திருந்த சைவக் குடும்பம். அவரைக் கொடுமைக்காரராக்கினால் கதை சுலபமாக ஓடும். ஆனால் மனிதர் நல்லவராகவே வந்து நிற்கிறார், நான் என்ன செய்ய? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நடுக்கூடத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“பாந்தமா இருக்குவே, நேசையா. கண்ணை உறுத்துத மாதிரி ஒண்ணுமே இல்லையே.”

“எல்லாம் பிள்ளையளோட வேலைதான் ஐயா.”

வரைபடத்தை விரித்தார்கள். அளவு நாடாவின் ஒரு முனையைச் சங்கிலிபூதத்தான் சுவர் மூலையில் வைத்துப் பிடித்துக்கொண்டான். நீளம் சரி, அகலம் சரி, ஜன்னல்கள் சரி. கடைசியாக முன்சுவர்.

இன்ஸ்பெக்டர் ஒருதரம் அளந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார்.

“என்னவே இது? படத்துல வாசல் நட்டநடுவுல இருக்கு. இங்கன நாலு விரக்கடை வலப்பக்கம் தள்ளில்லா நிக்குது?”

நேசையா ஓடிவந்தார். தானே அளந்தார். நாலு விரல் நாலு விரலாகவே இருந்தது.

4

என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். நான்தானே எழுதுகிறேன்.

மாணவர்கள் படம் போட்டது பாடப்புத்தகத்தைப் பார்த்து. அதில் வாசல் என்றால் சுவரின் நட்டநடுவில்தான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால்தான் அழகு. ஆனால் இந்த ஆற்றங்கரை ஊர்களில் யாரும் வீட்டு வாசலை நட்டநடுவில் வைப்பதில்லை.* கொஞ்சமாவது ஒதுக்கித்தான் வைப்பார்கள்.

வாசல் நிலை வைத்த அன்று மஞ்சள், குங்குமம், மாவிலை எல்லாம் இருந்தது. நேசையா தன் பங்குக்கு ஒரு ஜெபமும் செய்தார். நிலையைத் தூக்கி நிறுத்தி, நடுக்குறியில் வைத்தார்கள். எல்லோரும் நாலடி பின்னால் வந்து பார்த்தார்கள். என்னவோ சரியில்லை.

“கொஞ்சம் வலத்தே தள்ளுலே.”

“இன்னும் கொஞ்சம். பைய, பைய.”

“ஆங், இப்பச் சரி!”

அந்த “இப்பச் சரி” சொன்னது யார் தெரியுமா? நேசையா. நட்டநடுவில் வாசல் போடச் சொல்லிக் கொடுத்த அதே நேசையா. சங்கிலிபூதத்தான் ஆப்பு அடித்து இறுக்கினான். அதற்கப்புறம் இத்தனை நாளும் எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் போய் வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

* ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் கேட்ட மூன்று காரணங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. காரணம் தெரியாமலே கை செய்துவிடுகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

5

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நேசையா, நான் ரெண்டுல ஒண்ணு எழுதியாகணும். கட்டினவன் தப்புன்னு எழுதினா அது ஒருத்தன் தப்பு, வகுப்புக்கு அங்கீகாரம் கெடைச்சிரும், இவன் தேறமாட்டான். படம் தப்புன்னு எழுதினா இவன் கைவேலை தப்பிக்கும், ஆனா வகுப்பு போச்சு. வாசலை எங்கன வைக்கணும்னு தெரியாத வகுப்புக்கு எப்படிவே அங்கீகாரம் கொடுக்க?”

“ஐயா, அன்னைக்கு இப்பச் சரின்னு சொன்னது நான்தான். அவன் தப்பு இல்ல.”

“அப்பப் படம் தப்பா?”

நேசையா வரைபடத்தை எடுத்து மறுபடி பார்த்தார். வகுப்பு போனால் சங்கிலிபூதத்தானும்தான் போவான், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து.

“நான் தேறலைன்னே எழுதிருங்க ஐயா” என்றான் சங்கிலிபூதத்தான். “மத்தவங்களாவது பொழைச்சிக்கிடட்டும்.”

(இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. வந்ததும் அந்த வசனத்தின் மேல் சந்தேகமும் வந்தது. இருபத்து நாலு வயதில் எவன் இவ்வளவு சீக்கிரம் தியாகம் செய்கிறான்? நடவுக்குப் போயிருக்கும் வடிவம்மாளை அவன் ஒரு நொடி நினைத்திருக்க மாட்டானா? அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.)

சங்கிலிபூதத்தான் நாடாவின் முனையை விடாமலே கேட்டான்:

“ஐயா, கோவிச்சுக்கிடாதிய. உள்ள வந்ததும் பாந்தமா இருக்குன்னு சொன்னியளே. வாசல் இங்கன இருக்கதுனால அப்படித் தோணுச்சா? இல்ல, நடுவுல இருந்தாலும் சொல்லியிருப்பியளா? எனக்கு நெசமாவே தெரியல. தெரிஞ்சுக்கிடணும்னுதான் கேக்கேன்.”

திருஞானசம்பந்தம் வாசலைப் பார்த்தார். டவுனில் தான் பிறந்த வீட்டு வாசலை மனத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார். வந்தது. ஆனால் அது நடுவிலா, தள்ளியா என்று அவருக்குத் தெரியவில்லை.

6

எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின.

ஒன்று: இன்ஸ்பெக்டர் வண்டி பிடித்து டவுனுக்குப் போய்த் தன் வீட்டு வாசலை அளந்து, சிரித்துக்கொண்டே திரும்பி வந்து எல்லோரையும் தேற வைக்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டு: ராத்திரியோடு ராத்திரியாக வாசலை இடித்து நடுவில் வைக்கிறார்கள். மறுநாள் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, “அளவு சரி, ஆனா என்னமோ உறுத்துதே வே” என்கிறார். சாமர்த்தியமான முடிவுதான். ஆனால் இதில் சங்கிலிபூதத்தான் வெறும் கொத்தனாராகிவிடுகிறான்.

மூன்று: இன்ஸ்பெக்டர் பேனாவை எடுக்கிறார், மையைத் தொட்டு, காகிதத்தில்

இல்லை. இதை நான் எழுத மாட்டேன். எங்கள் கல்லூரிக்கு இன்னும் முடிவு வரவில்லை. தீர்ப்புக்குக் காத்திருக்கிற நான் இன்னொருத்தனுக்குத் தீர்ப்பு எழுதினால் பயத்தில் ஒருபக்கம் சாய்த்துவிடுவேன். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. கூடத்துக்குள் இவ்வளவு நேரம் நடமாடியும் இருக்கிறீர்கள். ஆகவே பேனா இனி உங்களிடம்.

அவசரப்பட வேண்டாம். எழுந்து போய் உங்கள் வீட்டு வாசலை வேண்டுமானால் அளந்துவிட்டு வாருங்கள். நேசையா நின்றுகொண்டிருப்பார். ஆனால் ரொம்ப நேரம் ஆக்கிவிடாதீர்கள். சங்கிலிபூதத்தான் இன்னும் சுவர் மூலையில் நாடாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறான். அவனிடம் விடச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம்.