டீக்கடைப் பலகை

எடப்பாடிப் பக்கம் அந்தச் சின்ன டவுனில் அரசுப் பள்ளிகள் மூன்று. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் போதும், பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பலகையில் மூன்றின் சதவீதத்தையும் சாக்பீஸால் எழுதிவிடுவார்கள். வடக்குப் பள்ளி எப்போதும் கடைசி. அதன் தலைமையாசிரியர் தண்டாயுதபாணி, பாவம், அப்புறம் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

அந்த வருஷம் கல்வி அதிகாரி மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அவரை எழுப்பி நிறுத்தி, "உங்க ஸ்கூல்ல வாத்தியாருங்க இருக்காங்களா, இல்லையா?" என்று கேட்டுவிட்டார். மனுஷனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

திரும்பி வந்ததும், தேறுமோ தேறாதோ என்றிருந்த பிள்ளைகளையெல்லாம் பரீட்சைப் பட்டியலிலிருந்து கழித்துக்கட்டினார். பள்ளி வழியாக எழுதினால்தானே சதவீதத்தில் சேரும்? பிரைவேட்டாக எழுதட்டும். அதில் கமலவேணியும் ஒருத்தி. மற்ற பாடமெல்லாம் கெட்டி, கணக்கில் மட்டும் இடறுவாள். விடியுமுன்னே தறியில் உட்கார்ந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவருகிற பெண், கணக்கை எப்போது போட்டுப் பார்ப்பாள்?

அவள் அம்மா முத்தாயம்மாள் பதறிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க சார், பிரைவேட்டுன்னா சேலம் போயி எழுதோணுமாமுங்க. வயசுப்புள்ளைய அவங்கப்பன் தனியா பஸ்ஸேத்த மாட்டாருங்க. தறிய நிறுத்திப்போட்டுக் கூடப் போறதுக்கும் ஆளில்லீங்க. இந்த வருசம் எழுதலீன்னா தறியோட முடிஞ்சுதுங்க. டீச்சராகோணும்னு ஊட்டுல சொல்லீட்டே இருக்குதுங்க."

"கணக்குல போச்சுன்னா பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுருமேம்மா."

"பாசாயிருமுங்க சார்!"

பாசாகக்கூடும் என்று அவருக்கும் தோன்றியது. ஆனாலும் அடித்த பெயரை மறுபடி பட்டியலில் சேர்க்கத் துணியவில்லை. அம்மா பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற கமலவேணியிடம், "உன்னால நம்ம பள்ளிக்கூடம் முன்னுக்கு வரட்டும் சாமி" என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

ரிசல்ட் அன்றைக்கு டீக்கடைக்குத் தைரியமாகவே போனார். மூன்று பள்ளிக்கும் சதவீதம் கிடுகிடுவென்று ஏறியிருந்தது. அட கொடுமையே! மற்ற இரண்டு தலைமையாசிரியர்களும் இதே வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். வடக்குப் பள்ளி இந்தத் தடவையும் கடைசி. வாங்கிய டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தார்.

வழியில் தறிக்கூடத்து வாசலில் கமலவேணி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு. அவரைக் கண்டதும் வகுப்பில் எழுவதுபோலவே எழுந்து நின்றாள்.

"சார், ரிசல்ட் வந்துருச்சாமுங்க. நம்ம பள்ளிக்கூடம் முன்னுக்கு வந்துருச்சுங்களா?"

அவர் டீக்கடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"வந்துருச்சு சாமி."

அவள் முகமெல்லாம் சிரிப்பானது. "அப்பச் சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் நூலெடுத்துச் சுற்ற உட்கார்ந்தாள்.